நாலு மணித் தீனியும் ஒரு மூட்டை மல்லாட்டையும்



உணவைப் பற்றிப் பேச வருகிறவர்கள் பெரும்பாலும் மூன்று வேளைச் சாப்பாட்டைப் பற்றித்தான் பேசுவார்கள். நான் பேச எடுத்துக்கொண்டது அவற்றுக்கு நடுவில் வரும் நான்காவது வேளை. பள்ளிக்கூட மணி அடித்துப் பிள்ளைகள் வெளியே வரும் நேரம் அது. கழனிக்கும் நூறு நாள் வேலைக்கும் போனவர்கள் திரும்பியிருப்பார்கள். விழுப்புரத்துக்கோ திருக்கோவிலூருக்கோ போனவர்களைப் பேருந்து இறக்கிவிடும். மாலை நாலு மணியிலிருந்து ஆறு மணிவரை வயிறு எதையாவது கேட்டுக்கொண்டே இருக்கும். காலையும் மதியமும் இரவும் என்ன சாப்பிடுவது என்பதை வீட்டு அடுப்படி முடிவு செய்கிறது. இந்த நாலு மணித் தீனியை மட்டும் பெட்டிக்கடை வாசலில் தொங்கும் பாக்கெட் சரம் முடிவு செய்கிறது. நொறுக்குத் தீனியைக் குறித்து நமக்குச் சொல்லப்படும் அறிவுரை எல்லாம் கடைசியில் நாக்கைக் கட்டு என்பதில் போய் நிற்கும். அந்த அறிவுரையில் எனக்கு உடன்பாடு இல்லை. பசித்தவர் கைக்கு எட்டியதைத்தான் தின்பார். நல்ல தீனி கைக்கு எட்டும் தூரத்தில் இருக்கிறதா, அதே காசுக்குக் கிடைக்கிறதா, வாங்கியதும் வாயில் போடும் பக்குவத்தில் இருக்கிறதா என்றுதான் கேட்க வேண்டும். மல்லாட்டை என்னும் வேர்க்கடலை விளையும் இந்த முகையூர் வட்டாரத்து மண்ணிலேயே அதற்கு இல்லை என்று பதில் வருவது எனக்கு மிகுந்த வருத்தம் தருகிறது. அந்தப் பதிலை மாற்ற முடியும் என்று நம்புகிறேன். நம்புவதற்கான காரணங்களை உங்கள் முன் வைக்கிறேன்.

முதலில் நம் உடம்பின் நிலை. 2019–21இல் எடுக்கப்பட்ட ஐந்தாவது தேசியக் குடும்ப நல ஆய்வின்படி, தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுவரை உள்ள பெண்களில் 53.4 சதவீதம் பேருக்கு இரத்தசோகை இருக்கிறது. ஆறு மாதத்திலிருந்து ஐந்து வயதுக்குள் உள்ள குழந்தைகளில் அது 57.4 சதவீதம். அதே ஆய்வு இன்னொன்றையும் சொல்கிறது: அதே வயதுப் பெண்களில் 40.4 சதவீதம் பேர் இருக்க வேண்டிய எடைக்கு மேல் இருக்கிறார்கள். அதற்கு நான்கைந்து ஆண்டுகளுக்கு முன், 2015–16இல், அது 30.9 சதவீதமாக இருந்தது. இந்த இரண்டு கணக்கையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். சத்துக் குறைவும் எடை மிகுதியும் வெவ்வேறு ஊர்களில் இல்லை, ஒரே தெருவில் இருக்கின்றன. பல வீடுகளில் ஒரே பெண்ணின் உடம்பில் இருக்கின்றன. தின்பதில் மாவும் எண்ணெயும் சர்க்கரையும் கூடி, புரதமும் இரும்பும் நாரும் குறைந்தால் உடம்பு இப்படித்தான் ஆகும். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும் சென்னையிலுள்ள மெட்ராஸ் நீரிழிவு ஆராய்ச்சி நிறுவனமும் சேர்ந்து நடத்தி 2023இல் வெளியிட்ட ஆய்வு, நாட்டில் 10.1 கோடிப் பேருக்கு நீரிழிவு இருப்பதாகவும், இன்னும் 13.6 கோடிப் பேர் அதற்கு முந்தைய படியில் நிற்பதாகவும் கணக்கிட்டது. இத்தனையையும் நாலு மணித் தீனியின் தலையில் கட்டுவது நியாயமாகாது. தட்டு நிறையச் சோறும் ஓரத்தில் கொஞ்சம் காயுமாகச் சாப்பிடும் வழக்கத்துக்கும் இதில் பெரிய பங்கு உண்டு. ஆனால் சோற்றை மாற்றச் சொன்னால் வீடே மாற வேண்டும். தீனியை மாற்ற ஒரு சம்படம் போதும். அதனால்தான் அங்கே தொடங்கச் சொல்கிறேன்.

அந்தப் பாக்கெட்டையே எடுத்துக்கொள்வோம். ஐந்து ரூபாய்ப் பாக்கெட்டின் பின்பக்கத்தைத் திருப்பினால் நிகர எடை சிறிய எழுத்தில் இருக்கும். 10 கிராம் என்று போட்டிருந்தால், கிலோ 500 ரூபாய்க்கு வாங்குகிறோம் என்று பொருள். வறுத்த மாவுக்கும் பாமாயிலுக்கும் உப்புக்கும் கொடுக்கும் விலை அது. அந்த 500 ரூபாய்க்கு நல்ல மல்லாட்டைப் பருப்பு மூன்று கிலோ அளவுக்கு வாங்கலாம். ஏழைக்குக் கட்டுப்படியாகும் தீனி என்று நாம் நினைத்துக்கொண்டிருப்பது உண்மையில் விலை உயர்ந்த தீனி. ஐந்து ஐந்து ரூபாயாகப் போவதால் அது தெரிவதில்லை. அதே பின்பக்கத்தில் சோடியம் என்று ஓர் எண் இருக்கும். அதை இரண்டரையால் பெருக்கினால் உப்பின் அளவு வந்துவிடும். ஒரு நாளைக்கு 5 கிராமுக்குக் குறைவாக உப்புப் போதும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். குழம்பிலும் ஊறுகாயிலுமே அந்த 5 கிராமைத் தாண்டிவிடுகிற நமக்கு, இந்த உப்பு மேலும் சுமையாகச் சேர்கிறது.

பாக்கெட்டின் தீங்கு அதிலுள்ள பொருள்களோடு முடிவதில்லை. அது செய்யப்படும் முறையே நம்மை அதிகம் தின்ன வைக்கிறது. இதற்கு 2019இல் அமெரிக்கத் தேசிய சுகாதார நிறுவனத்தில் கெவின் ஹால் என்ற ஆய்வாளரின் குழு நல்ல சான்று தந்தது. 20 பேரை மருத்துவ நிலையத்திலேயே தங்கவைத்து, இரண்டு வாரம் ஆலையில் மிகுதியாகப் பதப்படுத்திய உணவும் இரண்டு வாரம் சமைத்த சாதாரண உணவும் கொடுத்தார்கள். முன்னால் வைத்த உணவில் சர்க்கரை, உப்பு, கொழுப்பு, நார் எல்லாம் இரண்டு முறையும் ஒரே அளவு. வேண்டிய மட்டும் சாப்பிடலாம். பதப்படுத்திய உணவு கொடுத்த நாள்களில் அவர்கள் தினமும் சுமார் 500 கலோரி கூடுதலாகச் சாப்பிட்டார்கள், எடையும் ஏறியது. 20 பேரை வைத்து உலகத்துக்கே முடிவு கட்டலாமா என்று கேட்பது நியாயமான கேள்வி. ஆள் குறைவுதான். ஆனால் அவர்கள் உண்ட ஒவ்வொரு கவளமும் அளக்கப்பட்டது. நேற்று என்ன சாப்பிட்டீர்கள் என்று ஞாபகத்தைக் கேட்டு எழுதிய ஆய்வு அல்ல. வாயில் போட்டதும் கரையும் தீனியை, வயிறு போதும் என்று சொல்வதற்குள் தின்று முடித்துவிடுகிறோம். மென்று தின்ன வேண்டிய பருப்போ கிழங்கோ அந்த வேகத்துக்கு இடம் கொடுப்பதில்லை.

இனி நம் மண்ணுக்கு வருகிறேன். வேர்க்கடலை என்று புத்தகத்தில் படிப்பதை இந்த வட்டாரத்தில் மல்லாட்டை என்கிறோம். கழனியிலும் சந்தையிலும் அதற்கு மணிலா என்று பெயர். பிலிப்பைன்ஸ் நாட்டு மணிலாவின் பெயரைத்தான் இந்தக் கொட்டை சுமந்துகொண்டிருக்கிறது. அதன் பிறப்பிடம் தென் அமெரிக்கா. பத்தொன்பதாம் நூற்றாண்டில் தென்னார்க்காட்டில் விளைந்த மணிலா, புதுச்சேரித் துறைமுகம் வழியாகப் பிரான்சின் மார்சேய் நகரத்து எண்ணெய், சவுக்கார ஆலைகளுக்குக் கப்பலேறியது. அந்த அளவுக்கு இது மணிலாச் சீமை. திண்டிவனத்தில் இருக்கும் எண்ணெய் வித்து ஆராய்ச்சி நிலையம் வெளியிட்ட இரகங்களுக்கு டி.எம்.வி. என்று பெயர், திண்டிவனம் என்பதன் சுருக்கம் அது. 1940இல் குடியாத்தம் இரகத்திலிருந்து தெரிந்தெடுத்து வெளியிடப்பட்ட டி.எம்.வி. 2 ஆந்திரத்திலும் கர்நாடகத்திலும் பல பத்தாண்டுகள் நின்று விளைந்தது. திண்டிவனத்தின் பெயர் அடுத்த மாநிலத்து உழவர் வாயில் இருந்ததற்குக் காரணம் இந்தக் கொட்டை. இவ்வளவு இருந்தும், அரகண்டநல்லூர்க் கமிட்டிக்கு, அதாவது ஒழுங்குமுறை விற்பனைக் கூடத்துக்கு, போகும் மூட்டைகள் எண்ணெய்க்கும் வெளியூருக்கும் போய்விடுகின்றன. விளைவித்த வீட்டுக்குத் திரும்பி வருவது லிட்டர் 25 ரூபாய் ரேஷன் பாமாயிலும் ஐந்து ரூபாய்ப் பாக்கெட்டும். நாடு தன் சமையல் எண்ணெய்த் தேவையில் பாதிக்கு மேல் இறக்குமதி செய்யும்போது ரேஷனில் பாமாயில் வருவதைக் குறைசொல்லி ஒரு வீடு எதுவும் செய்துவிட முடியாது. தீனிக்கு அந்த நிர்ப்பந்தம் கிடையாது.

ஐதராபாத்திலுள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2017இல் வெளியிட்ட உணவுச் சத்து அட்டவணையைப் பார்த்தால், 100 கிராம் வேர்க்கடலையில் ஏறக்குறைய 24 கிராம் புரதம், 40 கிராம் கொழுப்பு, 10 கிராம் நார் இருக்கின்றன. ஒரு கைப்பிடி, அதாவது 30 கிராம் பருப்பில், ஒரு முட்டையில் உள்ள அளவுக்குப் புரதம் கிடைக்கும். தரத்தில் முட்டைப் புரதம் உயர்ந்தது என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். மல்லாட்டை இரத்தசோகையைத் தீர்த்துவிடும் என்றும் நான் சொல்லவில்லை. இரும்புக்குக் கம்பு மேல். அதே அட்டவணையில் 100 கிராம் கம்பில் 6 மில்லிகிராமுக்கு மேல் இரும்பு இருக்கிறது. கேழ்வரகின் சுண்ணாம்புச் சத்துக்கு அரிசி பக்கத்திலேயே நிற்க முடியாது. அவித்த மல்லாட்டை, தட்டைப்பயறுச் சுண்டல், முருங்கைக்கீரை போட்ட கேழ்வரகு அடை, பனங்கிழங்கு வரும் மாதத்தில் பனங்கிழங்கு, கொய்யா வரும் மாதத்தில் கொய்யா: இவையெல்லாம் இங்கேயே கிடைப்பவை, விலையும் கைக்கு அடக்கமானவை.

இப்படிச் சொன்னவுடன், பாரம்பரிய உணவுக்குத் திரும்புங்கள் என்று சொல்ல வருகிறீர்களா என்று கேட்பார்கள். இல்லை. மல்லாட்டையே கடல் கடந்து வந்தது என்று சற்று முன் சொன்னேன். பாரம்பரியத்தை அளவுகோலாக வைத்தால் முதலில் அதைத்தான் விலக்க வேண்டும். பழையது என்பதாலேயே ஒரு பண்டம் நல்லதாகிவிடாது. அதிரசமும் முறுக்கும் நம்முடையவைதான். விசேஷ நாளில் தின்ற காலத்தில் அவை கெடுதல் செய்யவில்லை; கடையில் தினமும் கிடைக்கும்போது அவையும் எண்ணெயும் மாவும்தான். காலையில் ஊற்றிய எண்ணெயில் மாலைவரை போடும் வடையையும் பஜ்ஜியையும், உளுந்து நல்லது என்ற பேரில் காப்பாற்ற முடியாது. பொரித்த எண்ணெயில் சேரும் சிதைவுப் பொருள்கள் 25 சதவீதத்தைத் தாண்டினால் அதைப் பயன்படுத்தக் கூடாது என்று 2018 ஜூலையிலிருந்து நாட்டில் விதி இருக்கிறது. வீட்டில் அளக்கக் கருவி தேவையில்லை: எண்ணெய் கறுத்து, நுரைத்து, பிசுபிசுத்தால் அதன் காலம் முடிந்தது. வெல்லத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. கரும்பு விளையும் மாவட்டத்தில் இதைச் சொல்வது சிலருக்குப் பிடிக்காமல் போகலாம். சர்க்கரை நோய் உள்ளவருக்கு வெல்லம் ஆகும் என்ற நம்பிக்கை தவறு. இரத்தத்தில் சர்க்கரையை ஏற்றுவதில் இரண்டுக்கும் பெரிய வேறுபாடு இல்லை. கடலை உருண்டை நல்ல தீனி. ஆனால் ஒன்று தின்றால் நல்ல தீனி. சிறுதானிய பிஸ்கெட் என்று பெரிய எழுத்தில் போட்டு விற்பதையும் பின்பக்கம் திருப்பிப் பாருங்கள். பட்டியலில் முதலில் வருவதுதான் அதில் அதிகம் இருக்கும் பொருள். பல பாக்கெட்டுகளில் அந்த முதல் பெயர் மைதா.

மல்லாட்டையின் மேலேயே சொல்லப்படும் குறைகளுக்கு வருவோம். எண்ணெய் வித்தாயிற்றே, தின்றால் கொழுப்பு ஏறாதா, பித்தம் வராதா என்பார்கள். அதிலுள்ள கொழுப்பில் பெரும்பகுதி நிறைவுறாக் கொழுப்பு. இதயத்துக்குப் பகையானது அல்ல. முழுப் பருப்பை மென்று தின்னும்போது அதன் கொழுப்பில் ஒரு பகுதி செரிக்காமலே வெளியேறுகிறது என்றும் ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. நார் இருப்பதால் வயிறு சீக்கிரம் நிறைகிறது. பித்தம் என்று நாம் சொல்லும் குமட்டலும் ஏப்பமும் பெரும்பாலும் வெறும் வயிற்றில் அள்ளி அள்ளித் தின்பதால் வருவது. அளவு கைப்பிடிதான். இதைவிடக் கனமான குறை ஒன்று உண்டு. அதை மறைத்துப் பேசினால் நான் உங்களுக்குத் துரோகம் செய்தவனாவேன். சரியாகக் காயாத கொட்டையில் பூஞ்சணம் பிடித்தால் அஃப்ளாடாக்சின் என்ற நஞ்சு உண்டாகும். அது ஈரலைக் கெடுக்கும், நாளடைவில் புற்றுநோய்வரை கொண்டுபோகும். வறுத்தாலும் வேகவைத்தாலும் முழுதாகப் போகாது. ஆகவே காயைக் குலுக்கினால் உள்ளே பருப்புச் சலசலக்கும்வரை காயவைக்க வேண்டும். ஈரத்தரையில் மூட்டையைப் போடக் கூடாது. சுருங்கியது, நிறம் மாறியது, கசப்பது ஆகியவற்றை ஆடுமாட்டுக்கும் போடாமல் எறிய வேண்டும். சூம்பிய பருப்பை வீட்டுக்கு வைத்துக்கொண்டு தெளிந்த பருப்பை விற்கும் வழக்கம் சில வீடுகளில் உண்டு. நல்ல விலை வேண்டும் என்ற நெருக்கடி எனக்குப் புரிகிறது. இருந்தாலும் அந்த வழக்கத்தை இன்றே விட்டுவிட வேண்டும். சிறு குழந்தைகளுக்கு முழுப் பருப்பைக் கொடுக்காதீர்கள். மூச்சுக்குழாயில் போய்ச் சிக்கும். இடித்துக் கொடுங்கள். சிலருக்கு ஒவ்வாமை உண்டு. தின்றதும் உதடு வீங்கினாலோ மூச்சுத் திணறினாலோ உடனே மருத்துவமனைக்கு ஓட வேண்டும்.

பிள்ளைகள் இதையெல்லாம் தின்னமாட்டார்கள் என்பது தாய்மார்கள் சொல்லும் மறுப்பு. இதற்கு விடை தமிழ்நாட்டுப் பள்ளிக்கூடங்களில் இருக்கிறது. காமராசர் காலத்தில் 1956இல் மதிய உணவு தொடங்கியது. 1982இல் எம்.ஜி.ஆர். அதைச் சத்துணவாக விரித்தார். கருணாநிதி 1989இல் இரண்டு வாரத்துக்கு ஒரு முட்டை சேர்த்தார். 2010இல் அது வாரத்துக்கு ஐந்தானது. வாரத்தில் ஒரு நாள் கொண்டைக்கடலையோ பச்சைப்பயறோ அவித்து வைக்கிறார்கள். 2022 செப்டம்பர் 15 அன்று மதுரையில் காலை உணவுத் திட்டம் தொடங்கி, 2023 ஆகஸ்டு 25இலிருந்து எல்லா அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்கும் வந்தது. உனக்கு எது பிடிக்கும் என்று எந்தப் பிள்ளையையும் கேட்டு இவற்றைத் தொடங்கவில்லை. தட்டில் வந்தது, பக்கத்திலிருந்த பிள்ளை தின்றது, இந்தப் பிள்ளையும் தின்றது. நாக்குப் பழக்கம் வீட்டில் பிறந்து அப்படியே நிற்பதில்லை, கூட்டத்தில் மாறுகிறது. புதிய ஒன்றைப் பிள்ளை முதல் தடவை தள்ளிவிட்டால் உடனே முடிவு செய்துவிடாதீர்கள். பல தடவை வைத்த பிறகுதான் நாக்கு இணங்கும். பாக்கெட்டின் ருசியும் பிள்ளைகளுக்குப் பிறவியில் வந்ததல்லவே.

நேரம் இல்லை என்பது அதைவிட நேர்மையான மறுப்பு. விடிகாலையில் எழுந்து சமைத்து, வேலைக்குப் போய், திரும்பி வந்த பெண்ணிடம் சுண்டல் அவி, அடை தட்டு என்று மேடையிலிருந்து சொல்வது எளிது. நல்ல உணவைப் பற்றிய நம் பேச்சில் பெரும்பாலும் பெண்ணின் உழைப்பு இலவசமாகக் கணக்கில் சேர்க்கப்படுகிறது. அந்தத் தவறைச் செய்ய நான் விரும்பவில்லை. மணலில் வறுத்த மல்லாட்டை காற்றுப் புகாத டப்பாவில் இரண்டு வாரம் கெடாது. ஞாயிற்றுக்கிழமை வறுக்க ஆண் கையும் உதவும். அதற்கும் மேலாக, இது வீட்டுக்குள் முடியும் வேலையே இல்லை. நம் மகளிர் சுய உதவிக் குழுக்கள் ஊறுகாய், மசாலாப் பொடி என்று பல பொருள்கள் செய்கின்றன. வறுத்த பருப்பையும் கடலை உருண்டையையும் சிறு சிறு பொட்டலமாகக் கட்டி, ஐந்து ரூபாய்க்குப் பெட்டிக்கடையில் அந்தப் பாக்கெட் சரத்துக்குப் பக்கத்திலேயே தொங்கவிட்டால், கடைக்காரருக்கும் நட்டமில்லை. அவரை எதிரியாக்கி இந்த மாற்றத்தைக் கொண்டுவர முடியாது. அவர் விற்கிற பொருளை மாற்றினால் போதும், அவர் பிழைப்பை மாற்ற வேண்டியதில்லை. கோவில்பட்டிக் கடலை மிட்டாய்க்கு 2020இல் புவிசார் குறியீடு கிடைத்தது. கடலையை எண்ணெயாக்காமல் தீனியாக்கியே ஓர் ஊர் பெயர் வாங்க முடியும் என்பதற்கு அது போதுமான சாட்சி.

சட்டம் இதில் எவ்வளவு தூரம் வரும்? 2024 பிப்ரவரியில், ரோடமின் பி என்ற சாயம் கலந்திருந்ததால் பஞ்சு மிட்டாயை முதலில் புதுச்சேரியும் பிறகு தமிழ்நாடும் தடை செய்தன. நஞ்சு கண்ணுக்குத் தெரியும் நிறத்தில் இருந்தது, அரசு கையை வைத்தது. உப்பும் சர்க்கரையும் இருபது ஆண்டு கழித்துச் சிறுநீரகத்தில் காட்டும் வேலைக்கு அத்தகைய அவசரம் யாருக்கும் வருவதில்லை. ஆனாலும் விதி இல்லாமல் இல்லை. பள்ளி வளாகத்திலும் வாயிலிலிருந்து 50 மீட்டர் தூரத்திலும் கொழுப்பும் உப்பும் சர்க்கரையும் மிகுந்த உணவுகளைப் பிள்ளைகளுக்கு விற்கக் கூடாது என்று இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2020இல் விதி வகுத்தது. பள்ளி மேலாண்மைக் குழுவில் பெற்றோர்கள் உட்கார்ந்திருக்கிறார்கள். அந்த 50 மீட்டரை அளந்து பார்க்க அவர்களுக்கு உரிமை இருக்கிறது. கிராமசபையில் அதைத் தீர்மானமாகக் கொண்டுவரவும் இருக்கிறது.

தீனியோடு குடிக்கும் டீயையும் விட்டுவிட முடியாது. ஒரு டம்ளரில் இரண்டு கரண்டிச் சர்க்கரை என்றால் சுமார் 10 கிராம். ஒரு நாளைக்கு நான்கு டீ குடித்தால் 40 கிராம். சேர்க்கும் சர்க்கரை 25 கிராமுக்குள் நின்றால் நல்லது, 50 கிராமைத் தாண்டவே கூடாது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் அறிவுரையைக் கிராமில் சொன்னால் வரும் அளவு. இதைவிடவும் பெண்கள் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு: சாப்பாட்டோடு குடிக்கும் டீ, உணவிலுள்ள இரும்பை உடம்பு ஏற்காமல் தடுக்கிறது. பாதிப் பெண்களுக்கு இரத்தசோகை உள்ள மாநிலத்தில், சாப்பிட்டு ஒரு மணி நேரம் கழித்து டீ குடிப்பது காசு செலவில்லாத மருத்துவம். சுண்டலில் எலுமிச்சை பிழிந்தால், தீனியோடு ஒரு கொய்யா தின்றால், இரும்பு நன்றாகச் சேரும்.

கடைசியாக உங்களிடம் ஒரு வேண்டுகோள். அடுத்த முறை மல்லாட்டை பிடுங்கிக் காய் ஆய்ந்து காயவைத்து, மூட்டைகளைக் கமிட்டிக்கு ஏற்றும்போது, தெளிந்த காயாக ஒரே ஒரு மூட்டையை வீட்டில் இறக்கி வையுங்கள். சொந்தக் கழனி இல்லாதவர்கள் நாலு வீடு சேர்ந்து ஒரு மூட்டையாக வாங்குங்கள். 40 கிலோ காயை உடைத்தால் ஏறக்குறைய 28 கிலோ பருப்பு வரும். நாலு பேர் உள்ள வீட்டில் ஆளுக்குத் தினம் ஒரு கைப்பிடி என்று எடுத்தால், அந்த ஒரு மூட்டை ஏழு மாதத்துக்கு மேல் வரும்.